ஹோட்டல் கலிஃபோர்னியா: எட்டு வாரத்துல கித்தார்ல பிடிக்க முடியுமா?

நைட் ஷிப்ட் · பாகான் டாலாம்
மார்ச் 3, காலை 8.20

எல்லாருக்கும் வணக்கம். இப்பதான் வேலை முடிஞ்சு வந்தேன். தூங்கப் போறதுக்கு முன்னாடி இதைக் கேட்டுடலாம்னு எழுதுறேன்.

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல தொழிற்சாலை வேலை, 12 மணி நேர ஷிப்ட். ஏப்ரல் கடைசியில எங்க டிபார்ட்மெண்ட் டின்னர். எங்க லைன்லேருந்து ஒரு பாட்டு மேடை ஏறணும். பேஸ் வாசிக்கிறவர் மலாய்க்காரர், டிரம்ஸ் பக்கத்து லைன் சீனப் பையன், பாடப்போறது கியூசி-ல (தரப் பரிசோதனை) இருக்கிற ஒரு அண்ணன், கித்தார் நான். நாலு பேருக்கும் தெரிஞ்ச பாட்டு எதுன்னு கேண்டீன்ல பேசினப்ப ரெண்டு நிமிஷத்துல முடிவாயிருச்சு: அமெரிக்க ராக் குழு ஈகிள்ஸோட "ஹோட்டல் கலிஃபோர்னியா". 1976 டிசம்பர்ல வந்த ஆல்பம், எங்கள்ல ஒருத்தரும் அப்ப பொறக்கவே இல்ல.

கித்தார் பிடிக்க ஆரம்பிச்சு ஒன்றரை வருஷம். ஓப்பன் கார்டு (சில கம்பியை அமுத்தாம விட்டுப் பிடிக்கிற சுரக்கூட்டு) எல்லாம் வரும். பார் கார்டு (ஒரே விரலால கம்பிகளைச் சேர்த்து அமுத்திப் பிடிக்கிறது) வராது. இந்தப் பாட்டு பி மைனர்ல இருக்கு. முதல் கார்டு பி மைனர், ரெண்டாவது எஃப் ஷார்ப், ரெண்டுமே பார். அங்கேயே நின்னு போச்சு. கித்தாரும் மாமா வீட்டுல கிடந்த பழைய கபோக். அரை மணி நேரம் அமுத்துனா விரல் நுனி எரியுது.

இந்தப் பாட்டு எனக்கு வேற ஒரு காரணத்துக்காகவும் வேணும். அப்பா லோரி ஓட்டுனவர். பள்ளி விடுமுறையில பட்டர்வொர்த்திலேருந்து கிள்ளானுக்குப் போறப்ப என்னையும் ஏத்திக்குவார். அவர்கிட்ட இருந்த அஞ்சாறு கேசட்டுல இதுவும் ஒன்னு. இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவா வராது. ஆனா கடைசியில கித்தார் மட்டும் வர்ற இடத்துல சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

எட்டு வாரம் இருக்கு. எங்கேருந்து தொடங்கறது?

ஆறு கம்பி · செந்தூல்
மார்ச் 3, காலை 10.05

கேபோவை (எல்லாக் கம்பியையும் சேர்த்துக் கவ்வுற கிளிப்) 7-வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கா இருக்கிற உலோகக் கோடு) போடுங்க, பார் கார்டு பிரச்சினை தீர்ந்துச்சு. அப்புறம் வரிசை இதுதான்: ஈ மைனர், பி செவன், டி, ஏ, சி, ஜி, ஏ மைனர், பி செவன். ஒவ்வொன்னும் நாலு தாள அடி. முன்னிசை, சரணம், கடைசி சோலோ எல்லாமே இந்த எட்டு மேலதான் ஓடுது. கோரஸ் சி-யில தொடங்கும், புது கார்டு கிடையாது.

வேகம் நிமிஷத்துக்கு 74 அடி கிட்ட. மெட்ரோனோம்ல (தாளம் தட்டுற கருவி) 50 வச்சு ஆரம்பிங்க, வாரத்துக்கு அஞ்சு அஞ்சா ஏத்துங்க. டேப் (எந்தக் கம்பியில எந்த ஃப்ரெட்னு எழுதின குறிப்பு) இணையத்துல நிறைய கிடைக்குது, அதைப் பார்த்து அப்படியே பிடிங்க. எட்டு வாரம் தாராளம்.

மரத்தூள் · பிறை
மார்ச் 3, இரவு 9.40

ஆறு கம்பி சொன்ன வரிசை சரி. ஆனா அதுக்கு முன்னாடி கித்தாரைப் பார்க்கணும்.

நான் வீட்டுல பழைய கித்தார் சரிபண்றவன். கபோக்னா சீனாவிலேருந்து வந்த ஒரு பிராண்ட். மலிவா கிடைச்சு எல்லா வீட்டுலயும் புகுந்ததால, இங்க எந்தச் சாதாரண மரக் கித்தாரையும் "கித்தார் கபோக்"னே கூப்பிடப் பழகிட்டாங்க. அதுல எத்தனையோ பேர் கத்துக்கிட்டாங்க, எத்தனையோ பேர் விரல் வலியில விட்டும்போனாங்க. விட்டுப்போனவங்க தங்களுக்குத் திறமை இல்லன்னு நினைச்சுக்கிட்டாங்க. பெரும்பாலும் கம்பி உயரம்தான் காரணம்.

12-வது ஃப்ரெட் மேல ஒரு ஸ்கேலை நிறுத்தி, தடிச்ச ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளந்து சொல்லுங்க. ரெண்டரை மில்லிமீட்டர் கிட்ட இருந்தா நல்லா இருக்கும். மூணரையைத் தாண்டிட்டா புதுசா பழகுறவங்க கைக்கு அது தண்டனை.

நம்ம ஊர் காத்துதான் இதுக்குக் காரணம். கித்தாருக்கு 45 லேருந்து 55 சதவீதம் ஈரப்பதம் ஒத்துக்கும். பினாங்குல ராத்திரி 80-ஐத் தாண்டுறது சாதாரணம். மரம் ஈரத்தைக் குடிச்சு மேல்பலகை வயிறு மாதிரி ஊதும், பிரிட்ஜ் (மேல்பலகையில கம்பியைத் தாங்குற கட்டை) அதோட மேல எழும்பும், கம்பியும் கூடவே எழும்பும். இந்த நிலைமையில 7-வது ஃப்ரெட்ல கேபோ போட்டீங்கன்னா கம்பி ரொம்ப தூரம் கீழ இழுபட்டு சுருதி ஏறிடும். நீங்க சரியா பிடிச்சாலும் தப்பா கேட்கும். அதனாலதான் அளவு கேக்கறேன்.

நைட் ஷிப்ட் · பாகான் டாலாம்
மார்ச் 4, காலை 8.45

அளந்தேன் அண்ணே. நாலரை மில்லிமீட்டர். கம்பி எப்ப மாத்துனதுன்னு மாமாவுக்கே ஞாபகம் இல்ல. ஒரு கடையில காட்டினேன். கையில வாங்கிக்கூடப் பார்க்கல, "இதுக்குச் செலவு பண்ணாதீங்க, புதுசு எடுங்க"ன்னாங்க. புதுசுக்கு இப்ப வசதி இல்ல.

மரத்தூள் · பிறை
மார்ச் 4, மதியம் 1.10

புதுசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பிறைக்குக் கொண்டு வாங்க, உங்களுக்குப் பக்கம்தானே.

முதல்ல கழுத்து வளைஞ்சிருக்கான்னு பார்ப்போம். முதல் ஃப்ரெட்டையும் 14-வது ஃப்ரெட்டையும் ஒரே நேரத்துல அமுத்தினா நடுவுல கம்பிக்குக் கீழ மெல்லிசா ஒரு இடைவெளிதான் இருக்கணும். கழுத்து நேரா இருந்தா வேலை சேடில்லதான். அது பிரிட்ஜ்ல செருகியிருக்கிற வெள்ளைத் துண்டு. அதைக் கழட்டி அடிப்பக்கமா தேய்க்கணும், மேல் வளைவைத் தொடக் கூடாது. 12-வது ஃப்ரெட்ல ஒரு மில்லிமீட்டர் இறங்கணும்னா சேடில்ல ரெண்டு மில்லிமீட்டர் போகணும். ஒரேயடியா தேய்ச்சா திரும்ப ஒட்ட வைக்க முடியாது, அதனால கொஞ்சம் தேய்ச்சு, கம்பி மாட்டி, மறுபடி அளந்து பார்த்துத்தான் செய்யணும்.

கம்பி வாங்கறப்ப 10-47 செட் கேளுங்க. மெல்லிசு, விரலுக்கு இதம். கித்தாரை உறைக்குள்ள வைக்கறப்ப சிலிகா ஜெல் நாலு பொட்டலம் கூடவே போட்டு வைங்க.

பழைய கம்பி · ஜெலுத்தோங்
மார்ச் 5, இரவு 11.30

தம்பி, எனக்கு 61 வயசு. எண்பதுகள்ல ஹோட்டல் லவுஞ்ச், கிளப்புன்னு வாரத்துக்கு அஞ்சு ராத்திரி வாசிச்சவன். நீங்க எழுதினதைப் படிச்சதும் தூக்கம் போச்சு.

அந்தக் காலத்துல பினாங்குல கித்தார் தூக்கின தமிழ்ப் பையன் எல்லாருக்கும் ஆலிகேட்ஸ் இசைக்குழுதான் கனவு. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம், நம்ம ஊர் அண்ணன் தம்பி. ஹாங்காங் வரைக்கும் போய் வாசிச்சுட்டு வந்து, மலாய்ப் பாட்டால நாடு முழுக்கப் பேர் வாங்குனாங்க. 2007-ல லோகநாதன் போயிட்டார். இப்பவும் அவர் குரல் ரேடியோவுல வந்தா நான் காடியை ஓரமா நிறுத்திடுவேன். நம்மாலயும் முடியும்னு எங்களுக்குக் காட்டுனவங்க அவங்க. அந்தத் தைரியத்துலதான் நாங்க வெள்ளைக்காரன் பாட்டையும் தயங்காம எடுத்து வாசிச்சோம். அதுல ஒவ்வொரு ராத்திரியும் யாராவது எழுந்து கேட்கிற பாட்டு இதுதான்.

விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கார்டு வரிசையை எழுதுனது ஈகிள்ஸ் கித்தார்காரர் டான் ஃபெல்டர். மாலிபு கடற்கரையில ஒரு வாடகை வீட்டுல உட்கார்ந்து டேப் மெஷின்ல பதிவு பண்ணிக் குழுவுக்குக் கொடுத்தார். அவர் எழுதுனது ஈ மைனர்ல. பாட வேண்டிய டான் ஹென்லிக்கு அது தொண்டைக்கு எட்டாத உயரமா இருந்துச்சு. இறக்கிக்கிட்டே வந்து பி மைனர்ல நிறுத்துனாங்க. கித்தார்ல கேபோ 7-க்குப் போனது அப்படித்தான். கேபோ போட்டு ஈ மைனர் வடிவம் பிடிக்கிறது பார் கார்டு வராதவங்களுக்கான குறுக்கு வழின்னு சில பேர் சொல்வாங்க, கேட்காதீங்க. பாட்டு பொறந்ததே அந்த வடிவத்துலதான்.

இதுல உங்களுக்கு ஒரு பாடம் இருக்கு. சுருதியை முடிவு பண்ணுனது பாடுறவர் தொண்டை. ஹென்லிக்கு பி மைனர் பொருந்துச்சுங்கறதுக்காக உங்க கியூசி அண்ணனுக்கும் அது பொருந்தணும்னு இல்ல. அவரை முதல்ல உட்கார வச்சுப் பாடச் சொல்லுங்க. கோரஸ்ல மேல போற இடம் வலிக்காம வருதான்னு கேளுங்க. கேபோவை 5-ல போட்டா ஏ மைனர், 3-ல போட்டா ஜி மைனர், உங்க விரல் வடிவம் எதுவும் மாறாது. கேபோ கீழ இறங்கினா மரத்தூள் சொன்ன சுருதித் தொல்லையும் குறையும். நாங்க ஒரு தடவை மூணு வாரம் ஒத்திகை பார்த்துட்டு, மேடைக்கு முதல் நாள் சாயங்காலம் பாடகருக்காகச் சுருதி மாத்துனோம். பேஸ் வாசிச்ச நண்பர் அன்னைக்குப் பட்ட பாடு இன்னும் எனக்கு மறக்கல.

நைட் ஷிப்ட் · பாகான் டாலாம்
மார்ச் 17, காலை 9.00

ரெண்டு வார நிலவரம்.

மரத்தூள் அண்ணன் வீட்டுல நாலு மணி நேரம் உட்கார்ந்தோம். இப்ப மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கு. அதே கித்தார்னு நம்ப முடியல. அண்ணி பசியாறவும் வச்சாங்க, அவங்களுக்கும் நன்றி. கியூசி அண்ணன் பாடிப் பார்த்தார், கேபோ 5-ல அவருக்குச் சுகமா இருக்கு. பேஸ்காரர்கிட்ட ஏ மைனர்னு சொல்லியாச்சு.

ஆனா ரெண்டு சிக்கல். வேலை முடிஞ்சு வந்து உடனே வாசிச்சா விரல் தோல் உரியுது. இன்னொன்னு, எட்டு கார்டுல எந்த இடத்துல இருக்கேன்னு தொலைஞ்சு போறேன். ஜி-க்கு அப்புறம் ஏ மைனரா, டி-யா? எழுதி வச்சு மனப்பாடம் பண்ணாலும் வேகம் 65-ஐத் தாண்டினா மறந்துடுது.

மரத்தூள் · பிறை
மார்ச் 17, மதியம் 12.50

விரல்: 12 மணி நேரம் கையுறைக்குள்ள வியர்வையில ஊறின தோல் அது. காயாம கம்பியைத் தொட்டா உரியத்தான் செய்யும். குளிச்ச கையோடயும் வாசிக்காதீங்க. தூங்கி எழுந்து, வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வாசிங்க. ஒரே மூச்சுல ஒரு மணி நேரம் வேண்டாம், கால் மணி நேரமா நாலு தடவை.

வீணைக்காரி · ஆயர் ஈத்தாம்
மார்ச் 17, இரவு 8.15

தம்பி, எட்டுப் பெயர்களாக மனப்பாடம் செய்ததால்தான் தொலைகிறீர்கள். அந்த எட்டுக் கார்டுகளுக்குள் ஒரே ஒரு இறங்குகோடு ஓடுகிறது. அதைக் காதில் பிடித்துவிட்டால் அடுத்து எது என்று யோசிக்க வேண்டியிருக்காது.

கித்தாரைக் கையில் எடுங்கள். மெல்லிய கம்பியை ஒன்று என எண்ணிக்கொள்ளுங்கள். ஈ மைனர் பிடியுங்கள், நான்காவது கம்பியை மட்டும் மீட்டுங்கள். விரல் 2-வது ஃப்ரெட்டில் இருக்கிறது. இப்போது பி செவன், அதே நான்காவது கம்பி. விரல் 1-வது ஃப்ரெட்டுக்கு வந்துவிட்டது. அடுத்து டி, அதே கம்பி. விரலே இல்லை, திறந்த கம்பி. ஒவ்வொரு படியாக இறங்கிவிட்டீர்கள். டி-யில் இருக்கும்போதே இரண்டாவது கம்பிக்குத் தாவுங்கள். 3-வது ஃப்ரெட்டில் அதே சுரம் மேல் ஸ்தாயியில் இருக்கிறது. இனி இரண்டாவது கம்பியிலேயே போகலாம்: ஏ-யில் 2-வது ஃப்ரெட், சி-யில் 1-வது ஃப்ரெட், ஜி-யில் திறந்த கம்பி. அடுத்து ஏ மைனருக்கு மூன்றாவது கம்பி 2-வது ஃப்ரெட், கடைசி பி செவனுக்கு மறுபடி இரண்டாவது கம்பி திறந்தபடி.

கார்டை மறந்துவிட்டு இந்த எட்டுச் சுரங்களை மட்டும் நாலு நாலு அடி நிறுத்தி மீட்டுங்கள். பாட்டு முழுவதும் அதற்குள் கேட்கும்.

நான் பதினோரு வருடம் வீணை பயின்றவள். எனக்கு இது வேறு மாதிரியும் கேட்கிறது. ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் அந்தக் கோடு இப்படி: ச, காகலி நி (மேல் நி), கைசிகி நி (கீழ் நி), சதுச்ருதி த (மேல் த), சுத்த த (கீழ் த), ப, ம, ப. ஈ மைனரும் சி-யும் ஜி-யும் ஏ மைனரும் நடபைரவி ராகத்தின் சுரங்கள். பி செவன் வரும்போது காகலி நிஷாதம் வந்து கீரவாணி ஆகிறது. ஏ வரும்போது சதுச்ருதி தைவதம் வந்து கரகரப்ரியா எட்டிப் பார்க்கிறது. தாய் ராகங்களின் மேளகர்த்தா வரிசையில் 20, 21, 22, அடுத்தடுத்த மூன்று வீடுகள். நம் இசையில் இரண்டு நிஷாதத்தையும் இரண்டு தைவதத்தையும் இப்படி அடுக்கி இறங்குவது வழக்கமில்லை. இந்தப் பாட்டு ஒவ்வொரு சுற்றிலும் நான்கையும் தொட்டுவிட்டுப் பஞ்சமத்தில் வந்து நிற்கிறது. முதல் முறை கேட்டபோது எனக்குப் பதினாறு வயது. வார்த்தை ஒன்றும் மனதில் நிற்கவில்லை, அந்த இறக்கம் மட்டும் பல நாள் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஆறு கம்பி · செந்தூல்
மார்ச் 17, இரவு 10.40

அக்கா, மரியாதையோட மறுக்கிறேன். இறங்குகோடு சரி. நானும் இப்ப பிடிச்சுப் பார்த்தேன், இத்தனை வருஷம் வாசிச்சும் கவனிக்கல. ஆனா ராகம் பேர் எதுக்கு? கீரவாணின்னா அதுக்குன்னு பிடி (அடையாளமான சுர வரிசை) இருக்கு, கமகம் (சுரத்தை அசைக்கிற விதம்) இருக்கு. சுரம் ஒத்துப்போனா மட்டும் ராகம் ஆயிடாது. எழுதுனவர் மனசுல மேளகர்த்தா இருந்திருக்கவும் போறதில்ல. தம்பிக்கு ஆறு வாரம்தான் மிச்சம். டேப்பை வச்சு 200 தடவை பிடிச்சா கை தானா போகும். நான் எல்லாப் பாட்டையும் அப்படித்தான் கத்துக்கிட்டேன்.

வீணைக்காரி · ஆயர் ஈத்தாம்
மார்ச் 18, காலை 7.30

நீங்கள் சொல்வதில் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அது கீரவாணி ராகம் அல்ல, கீரவாணியின் சுரங்கள் மட்டுமே. நான் இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாவது பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 200 முறை பிடித்தால் கை தானாகப் போகும், உண்மை. போய்க்கொண்டே இருக்கும்வரை நல்லது. மேடையில் விளக்கு கண்ணில் அடிக்கும், யாரோ கைதட்டுவார்கள், ஒரு கார்டு தவறும். அப்போது கைக்கு மட்டும் பாட்டுத் தெரிந்தவர் தொடக்கத்திலிருந்துதான் மறுபடி எடுக்க முடியும். காதுக்கும் தெரிந்தவர் அடுத்த சுரத்திலேயே வந்து சேர்ந்துகொள்வார். என்னிடம் கீபோர்டு பயிலும் பிள்ளைகளிடம் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அதனால்தான் சுரத்தின் பெயரைச் சொன்னேன். தம்பிக்கு "ச நி" பாட வராவிட்டால் "லா லா" என்று பாடட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பாட வேண்டும்.

பழைய கம்பி · ஜெலுத்தோங்
மார்ச் 18, காலை 9.10

எங்க காலத்துல இந்த மாதிரி எழுதின டேப் கிடையாது. கேசட்டை நிறுத்தி, திருப்பி, நிறுத்தி, திருப்பி, வாயால பாடிப் பார்த்துட்டுத்தான் கித்தார்ல தேடுவோம். வாயில வராதது விரல்ல வரலை. 200 தடவையும் பிடிச்சோம், அதையும் மறுக்கல.

நைட் ஷிப்ட் · பாகான் டாலாம்
மார்ச் 26, காலை 8.30

அக்கா, கால்ல விழுந்து கும்பிடணும் போல இருக்கு.

தொழிற்சாலை பஸ்ல பினாங்குப் பாலத்துல ஏறினதும் ஹெட்போன் இல்லாம வாய்க்குள்ள அந்தக் கோட்டைப் பாட ஆரம்பிச்சேன். பாலம் 13.5 கிலோமீட்டர். ஒரு சுற்று 26 நொடி வருது. கடல் மேல போறப்ப பாட, இறங்கினதும் நிறுத்த, போகவும் வரவும் ஒரு வாரம் இதே வேலை. அஞ்சாவது நாள் கித்தாரை எடுத்தப்ப ஜி-க்கு அப்புறம் கை தானா ஏ மைனருக்குப் போச்சு. யோசிக்கவே இல்ல. காது "ம" கேட்டுச்சு, விரல் போச்சு.

இப்ப புதுப் பிரச்சினை. கார்டு எல்லாம் சரியா வருது, ஆனா பாட்டு மாதிரி இல்ல. ஒன்னு ரெண்டு மூணு நாலுன்னு படை நடக்கிற மாதிரி இருக்கு. டிரம்ஸ் பையனும் அதையேதான் சொன்னான்.

உருமிக்காரன் · பட்டர்வொர்த்
மார்ச் 26, இரவு 7.20

கித்தார் எனக்குத் தெரியாது. ஆனா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற காவடிக்குப் பத்து வருஷமா உருமி அடிக்கிறேன். அதனால தாளத்தைப் பத்தி மட்டும் சொல்றேன்.

உங்க கை ஒவ்வொரு அடியிலயும் விழணும்னு நினைக்குது. பாட்டை மறுபடி கேட்டுப் பாருங்க. சரணத்துல கித்தார் அடி மேல விழறதே குறைவு, ரெண்டு அடிக்கு நடுவுல விழுது. அடி மேல நிக்கிறது பேஸும் டிரம்ஸும்தான்.

உருமியில ஒரு பக்கம் குச்சியால அடிப்போம், இன்னொரு பக்கம் வளைஞ்ச குச்சியால தேய்ப்போம். தேய்க்கிற கை நிக்கவே நிக்காது. எப்ப அழுத்தறோமோ அப்ப மட்டும் அது உறுமும், மத்த நேரம் தோல் மேல சும்மா ஓடிக்கிட்டிருக்கும். உங்க வலது கையும் அப்படித்தான் ஓடணும். கீழ, மேல, கீழ, மேல, நிறுத்தாம. கீழ போறப்ப பல சமயம் கம்பியைத் தொடாம காத்துல போகட்டும். மேல வர்றப்ப தொடட்டும். காலால தரையில அடி போட்டுக்கிட்டே செய்ங்க, கால்தான் உங்க பேஸ்.

முதல் ரெண்டு நாள் கித்தார் வேண்டாம், தொடையில அடிச்சுப் பழகுங்க.

பழைய கம்பி · ஜெலுத்தோங்
மார்ச் 26, இரவு 9.45

உருமிக்காரத் தம்பி காது சரியான காது. இந்தப் பாட்டுக்குப் பேர் வைக்கறதுக்கு முன்னாடி குழுவுக்குள்ள அவங்க கூப்பிட்ட பேரே "மெக்சிகன் ரெகே". ரெகேயில (ஜமைக்கா இசை வகை) கித்தார் விழற இடம் அடிக்கு நடுவுலதான்.

நைட் ஷிப்ட் · பாகான் டாலாம்
ஏப்ரல் 7, காலை 10.20

வலது கை வந்துருச்சு. ஒத்திகையில பேஸ்காரர் தலையாட்டுனார், அவர் சும்மா தலையாட்டுற ஆள் இல்ல.

இப்ப சோலோ. பாட்டு 6 நிமிஷம் 30 நொடி. அதுல கடைசி ரெண்டு நிமிஷத்துக்கு மேல கித்தார் மட்டும்தான், மூணுல ஒரு பங்கு. எங்ககிட்ட இருக்கிறது ஒரு கித்தார். நான் அதை வாசிச்சா கார்டு யார் பிடிக்கிறது? ஆறு கம்பி அண்ணே, டேப் பார்த்தேன், முதல் வரியிலயே கம்பியை இழுக்கச் சொல்லுது. என் கித்தார்ல இழுத்தா கம்பி நகரவே மாட்டேங்குது.

ஆறு கம்பி · செந்தூல்
ஏப்ரல் 7, மதியம் 1.30

நகராது. மரக் கித்தார்ல மூணாவது கம்பி சுத்துக் கம்பி, ஒரு முழு சுரம் இழுக்கறது பெரிய பலம் கேட்கும். அந்த சோலோ எலெக்ட்ரிக் கித்தாருக்காக வாசிச்சது. மெல்லிய கம்பி, தாழ்வான உயரம், ஆம்ப்ல (ஒலிபெருக்கி) நீண்டு நிக்கிற ஓசை. அதோட அது ஒருத்தர் வாசிச்சது இல்ல. ஃபெல்டரும் குழுவோட இன்னொரு கித்தார்காரர் ஜோ வால்ஷும் மாத்தி மாத்தி எடுத்து, கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்து அந்தந்தக் கார்டோட சுரங்களை உடைச்சு, ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழன்னு இணையா ஓடுவாங்க. ஒரு கித்தார்ல அந்த இடம் வரவே வராது.

என் ஆலோசனை: டின்னர்ல சோலோவை விட்டுடுங்க. அதுக்குப் பதிலா அக்கா சொன்ன இறங்குகோட்டை ரெண்டு சுற்று தனியா வாசிங்க. பேஸ் அடியில கார்டைத் தாங்கும். அந்தக் கோடுதான் பாட்டோட முதுகெலும்பு, தனியா நின்னாலும் எல்லாருக்கும் அடையாளம் தெரியும். மார்ச்ல நான் சொன்னதுக்கு இது மாறா இருக்குன்னு எனக்கே தெரியுது. மூணு வாரமா நானும் அதைப் பாடித்தான் பழகுறேன்.

வீணைக்காரி · ஆயர் ஈத்தாம்
ஏப்ரல் 7, இரவு 8.00

நல்ல யோசனை. முதல் சுற்று மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் முழுதாக நிற்கவிட்டு வாசியுங்கள். இரண்டாவது சுற்றில் பாடகரையும் கூடவே ஹம் செய்யச் சொல்லுங்கள்.

நைட் ஷிப்ட் · பாகான் டாலாம்
ஏப்ரல் 28, மதியம் 2.00

நேத்து முடிஞ்சுது.

முன்னிசை சுத்தமா வந்துச்சு. ரெண்டாவது சரணத்துல யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, தலையைத் தூக்கினேன், சி-க்குப் பதிலா கை எங்கயோ போய் ஒரு மட்டமான ஓசை. அக்கா எழுதினது அப்படியே நடந்துச்சு. நான் நிறுத்தல. உள்ளுக்குள்ள கோடு ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஜி-யில போய்ச் சேர்ந்துட்டேன். பேஸ்காரர் மட்டும் என்னைப் பார்த்துச் சிரிச்சார்.

கடைசியில அந்த ரெண்டு சுற்று. முதல் சுற்றுல மண்டபம் அமைதியாச்சு. ரெண்டாவதுல கியூசி அண்ணன் ஹம் பண்ண, முன் மேசையில இருந்த சீன அக்காமார் ரெண்டு பேர் கூடவே ஹம் பண்ணாங்க. அவங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கல. எனக்குக் கை நடுங்கிச்சு, ஆனா சுரம் நடுங்கல.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு வீடியோ காட்டினேன். முழுசாப் பார்த்தார். ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம், "நல்லா இருக்குப்பா, அந்தக் கடைசி கித்தார் எங்க?"ன்னு கேட்டார்.

ஆறு கம்பி · செந்தூல்
ஏப்ரல் 28, மதியம் 2.25

அப்பா கேட்டது நியாயம்.

மே மாசம் ரெண்டாவது சனிக்கிழமை இடிஎஸ் ரயில்ல பட்டர்வொர்த் வர்றேன். எலெக்ட்ரிக் கித்தாரும் பேட்டரியில ஓடுற சின்ன ஆம்பும் கொண்டு வர்றேன். கம்பி இழுக்கிற பகுதியெல்லாம் நான் எடுத்துக்கறேன். கடைசியில ரெண்டு கித்தார் சேர்ந்து ஓடுற இடத்துல நான் மேல் குரல், நீங்க கீழ் குரல். அங்க இழுக்கிற வேலை குறைவு, உங்க மரக் கித்தார்லயே பிடிக்கலாம். ஒரிஜினல் சுருதியில, பி மைனர்ல. கீழ் குரலை மட்டும் தனியா வாசிச்சு இன்னைக்கு ராத்திரி அனுப்பறேன். டேப் அனுப்பல, கேட்டு எடுங்க.

பழைய கம்பி · ஜெலுத்தோங்
ஏப்ரல் 28, மாலை 4.00

கார்டு நான் பிடிக்கிறேன், கேபோ 7-ல. பாடாங் கோத்தாவுல கடலைப் பார்த்த பக்கம் உட்காரலாம். தம்பி, அப்பாவையும் கூட்டிக்கிட்டு ஃபெரியில வந்துடுங்க. இறங்கி நடந்தாலே வந்துடலாம்.

நைட் ஷிப்ட் · பாகான் டாலாம்
ஏப்ரல் 28, மாலை 4.10

வர்றோம் அங்கிள். அக்கா, உருமிக்கார அண்ணே, நீங்களும் வரணும். ரெண்டு வாரத்துல கீழ் குரலைப் பாடிப் பழகிடறேன்.

மரத்தூள் · பிறை
ஏப்ரல் 28, மாலை 6.45

ஆறு மணிக்கு மேல வாங்க. அஞ்சு மணி வெயில்ல கித்தாரை வெளியில வச்சா சேடில்ல பட்ட பாடு வீணாயிடும். கடல் காத்துல உப்பு இருக்கு, வாசிச்சு முடிச்சதும் கம்பியைத் துணியால துடைச்சுட்டு உறையில போடுங்க. துணி நான் கொண்டு வர்றேன்.